ஆள் உள்ளே, தொடாதே

காலை ஐந்தரை மணிக்கே விழித்துக்கொண்டு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கைபேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் சொருகி, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டார் மாடியார். எழுபத்திரண்டு வயதுக்காரர் செய்கிற காரியமா இது? ஆனால் செய்தார், தெரிந்தேதான் செய்தார். ஆறு மணிக்கு அது மூன்று தரம் அடித்து நிற்கும். உடனே இவர் திரும்பக் கூப்பிட்டு, மூன்று தரம் அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். அந்த மூன்று மணியோசைக்காகக் காத்திருக்கிற அரை மணி நேரத்தில் நான்கு மாதமாகத் தினமும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. இனி நம்மால் ஆகாது என்று முந்தின நாளே முடிவு கட்டிவிட்டார்.

மாடியார் என்பது அவர் கூட்டாளி வைத்த பெயர். இருவரும் ஒரே கம்பெனியில் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மாட்டியும் ரிப்பேர் பார்த்தும் காலம் தள்ளியவர்கள். இவருக்குக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில் வேலை. கூட்டாளிக்கு அடியில், லிஃப்ட் வந்து உட்காரும் குழியில். அதனால் அவர் குழியார். கம்பெனியில் யாரையாவது மாடியார் 'மேல்மாடி காலி' என்று திட்டினால், "அங்க உன்னைத்தானே வேலைக்கு வெச்சிருக்காங்க" என்பார் குழியார்.

உச்சியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் குழிக்குக் கேட்காது. அதற்காக அந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். குழியில் இருப்பவர் வேலை முடிந்து வெளியே வந்ததும், லிஃப்ட் ஏறி இறங்குகிற இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பானரால் மூன்று தட்டுத் தட்டுவார். எத்தனை மாடியானாலும் இரும்பு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேலே இருப்பவர் திரும்ப மூன்று தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் பதில் வராவிட்டால் லிஃப்டைத் தொடவே கூடாது. படியில் நடந்துபோய் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆளுக்கொரு சிவப்புத் தகர அட்டை. அதில் 'ஆள் உள்ளே, தொடாதே' என்று எழுதி, அடியில் அவரவர் எண் போட்டிருக்கும். உள்ளே இறங்குகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதைக் கம்பியால் அங்கே கட்டிவிட்டுப் போவார். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் சரி, வேறு கை படக்கூடாது. முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒருவர் அட்டையை இன்னொருவர் அவிழ்த்தார். கட்டியவர் உயிரோடு திரும்பாத நாள் அது. அவிழ்த்த அவருடைய கூட்டாளிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இவர்கள் இருவரும், கதவு வேலைக்காரர், கயிற்றுக்காரர் என்று நான்கு பேர் சேர்ந்து அந்த மூன்று தட்டைக் கைபேசிக்குக் கொண்டுவந்தார்கள். தினம் காலை ஆறு மணிக்கு ஒருவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று மூன்று தரம் மணி. எழுந்துவிட்டேன், இருக்கிறேன் என்று அர்த்தம். ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் கதவு வேலைக்காரர் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுற்றி நிற்கப் போனார். அழுதார்கள், ஆறினார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் கயிற்றுக்காரர் போனதுதான் மாடியாரை உலுக்கிப் போட்டுவிட்டது. அன்று ஆறு மணிக்கு அவரிடமிருந்து மணி வரவில்லை. தூங்கியிருப்பார், சோம்பேறி, என்று நினைத்துக்கொண்டு இவர் பேப்பர் படித்தார், குளித்தார், சாவகாசமாக ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போனார். உடம்பு ஆறிக் கிடந்தது. ஏழு, ஏழே காலுக்குத்தான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். மாடியாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பார். யாரும் சொல்லாததால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், தினமும், பேப்பர் வந்து விழும்போதெல்லாம்.

மிச்சம் இரண்டு பேர். குழியார் நாலு தெரு தள்ளி, தரைத்தள வீட்டில் மகளோடு இருந்தார். போன வாரம் அவருக்கு இதயத்தில் எடுத்த சோதனையின் முடிவு வந்தது. கால் பங்குதான் வேலை செய்கிறது, படியேறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை அவர் பஸ் லேட் என்று சொல்வதுபோல வந்து சொன்னார்.

"கால் பங்காம். பரவாயில்லை. கம்பெனியில நீ பார்த்த வேலையைவிட அதிகம்தான்."

மாடியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி போய் எட்டு வருடம். மகன் கடல் தாண்டி இருக்கிறான். இந்த மனிதனும் போய்விட்டால், காலையில் எழுந்தோமா இல்லையா என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அதைவிட, அந்தக் கடைசி நாளின் ஆறு மணியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மணி வராது. இவர்தான் போக வேண்டும். இவர்தான் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஆறு மணி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டால் என்ன? பேச்சு வார்த்தை நின்றுபோன யாரோ ஒருவர் எங்கேயோ செத்தார் என்று இருந்துவிட்டுப் போகிறது. கேட்டால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். பயந்தவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

சுவர்க்கடிகாரத்தில் ஆறு ஆயிற்று. தலையணைக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆறு பத்து. மாடியார் எழுந்து காபி போட்டார். குடிக்கவில்லை. ஆறரை. கைபேசியை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். ஒரு நாள் பழகிவிட்டால் மறுநாள் சுலபமாக இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொன்னார்.

ஆறே முக்காலுக்கு லிஃப்டின் முனகல் நின்றது. அது பழைய காலத்துக் கட்டடம். கம்பி வலைக் கூண்டுக்குள் ஓடுகிற லிஃப்ட், ஐந்தாவது மாடியில் இவர் வீட்டுக்கு நேர் எதிரே. அதன் ஒவ்வொரு சத்தமும் இவருக்குத் தூக்கத்தில்கூட அத்துபடி. அது மாடியில் வந்து நின்ற சத்தம் அல்ல. கீழே யாரோ மெயினை இறக்கியிருக்கிறார்கள்.

பிறகு தண்டவாளத்தில் மூன்று தட்டு விழுந்தது.

மாடியார் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஊரில் அப்படித் தட்டுகிற கை இன்னும் ஒன்றுதான் பாக்கி. வந்துவிட்டான். நாலு தெரு நடந்து வந்துவிட்டான். குடியிருப்போர் சங்கம் வேண்டாம் என்று தடுத்தும், விடிகாலையில் கூண்டுக்குள் புகுந்து எண்ணெய் போடுகிற பழக்கம் இவருக்கு உண்டு. குழியாரும் அதற்காகப் பலமுறை திட்டியிருக்கிறார். இவர் உள்ளே விழுந்து கிடக்கிறார் என்று நினைத்திருப்பான். உடனே பதில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பதில் வராவிட்டால் படி. ஐந்து மாடி. கால் பங்கு இதயம்.

தெரிந்தும் ஒரு நிமிடம் நின்றார். அந்த ஒரு நிமிடத்தை அவர் பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார். பதில் தட்டினால் நலமாக இருக்கிறேன் என்று ஆகிவிடும். நலமாக இருக்கிறவன் போனை ஏன் அணைத்தான் என்று கேள்வி வரும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து மறுபடி மூன்று தட்டு வந்தது. முதல் தடவையைவிட மெதுவாக.

அப்புறம்தான் ஓடினார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கம்பி வலைக்குள் கையை விட்டுத் தண்டவாளத்தில் மூன்று தட்டினார். மறுபடி தட்டினார். பதில் இல்லை. குழியாருக்குக் காது பாதிதான் கேட்கும். உள்ளங்கையைத் தண்டவாளத்தில் வைத்துத்தான் அதிர்வைப் பிடிப்பார். கையை எடுத்துவிட்டுப் படியேறத் தொடங்கியவருக்கு இனி எது தட்டினாலும் எட்டாது.

முட்டி வலிக்காரரான மாடியார் படியில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட, கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சரிந்தார் என்று சொல்லலாம். நாலாவது மாடி வெறிச்சென்று இருந்தது. "ஏறாதே, நான் வர்றேன், ஏறாதே" என்று கத்திக்கொண்டே போனார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் குழியார் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, உதடு சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை வலைக்குள் போய்த் தண்டவாளத்தின்மேல் விரிந்து கிடந்தது.

"இருக்கியா?" என்றார் குழியார்.

"இருக்கேன்."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

மூன்றாவது மாடிக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். யாரோ ஆம்புலன்சுக்கு அடித்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை, ஓடினாலும் அதில் நெருக்கி நின்றால் மூன்று பேர், ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். மாடியார் பின்னாலேயே இறங்கினார். குழியாரின் செருப்பு இரண்டும் அவர் கையில் இருந்தன. அவற்றை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். குழியாரின் மகள் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். மாடியார் பாதியைச் சொன்னார், போன் விஷயத்தை விழுங்கிவிட்டார். மதியம் வீடு திரும்பினால் கட்டடத்தின் வாசலில் ஒரே கூட்டம். மெயின் சுவிட்சுக்கு முன்னால் சங்கச் செயலாளர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். சுவிட்சில் சிவப்புத் தகரம் தொங்கியது. ஆள் உள்ளே, தொடாதே. பதினேழு, குழியாரின் எண்.

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் மனுஷன்! செயலாளர் அதைப் பிய்த்தெறியக் கையை நீட்டினார். மாடியார் அந்த மணிக்கட்டைப் பிடித்த பிடியில் செயலாளரின் கடிகாரம் கழன்று கீழே விழுந்தது.

கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்றார் மாடியார். அவர்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே என்றார் செயலாளர். வருவார் என்றார் இவர். வராவிட்டால்? அதற்கும் விதி இருந்தது. கட்டியவர் செத்தால் கூட்டாளி அவிழ்க்கலாம். அப்படியானால் இவர் அவிழ்ப்பது என்பது அவன் செத்துவிட்டான் என்று இவரே ஒப்புக்கொள்வது. அட்டை தொங்குகிறவரைக்கும் ஆள் உள்ளே இருக்கிறான், வெளியே வந்தாக வேண்டியவன். இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

இரண்டு நாள் அந்தக் கட்டடம் முழுவதும் படியேறியது. வாயில் வந்தபடி எல்லோரும் வைதார்கள். கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். வீடுகளுக்கு வந்த தண்ணீர்க் கேனையும் காய்கறிப் பையையும் மாடியார் தானே வாங்கிப் படியேற்றிக் கொடுத்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நடை. ஒவ்வொரு நடையிலும் மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்பார். அந்தப் படியில் மட்டும் உட்காரமாட்டார்.

ஆஸ்பத்திரிக்கும் போனார், இரண்டு வேளையும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவார். பார்வையாளருக்குப் பத்து நிமிடம் அனுமதி உண்டு. நர்ஸ் வந்து கூப்பிடும்போதெல்லாம் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதோ அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை நாலாவது மாடிப் பெண் படியில் அவரை மறித்தாள். நிறைமாதம். கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு விட்டாள். வையவில்லை, அதுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க மாமா. வலி எடுத்தா இந்தப் படியில இறங்க பயமா இருக்கு. உங்க சிநேகிதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

அன்று பார்வை நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து குழியாரின் மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. டாக்டர் இனி சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"மூணு நாளா உங்களைத்தான் கேக்கறார் சித்தப்பா. நீங்க வெளியேதான் இருக்கீங்கன்னு சொன்னேன். பயந்தாங்கொள்ளி, வரும்போது வரட்டும்ங்கறார்."

மாடியார் எழுந்தார். இந்தத் தடவை தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

குழியார் படுக்கையில் பாதியாகத் தெரிந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி. கண் மட்டும் பழைய கண். இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அட்டையைப் பற்றி.

"எடுத்துட்டியா?"

"இல்லை. நீ வந்து எடு."

"மேல்மாடி..." என்று சொல்லி மூச்சுக்காக நிறுத்தினார். "ஊரே படியேறுதா?"

"ஏறட்டும்."

குழியார் வாய்க்குள் சிரித்தார். மாடியாருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. போனை அன்று தெரிந்தேதான் அணைத்தேன் என்று சொன்னார். நீ தட்டினது கேட்டும் ஒரு நிமிடம் நின்றேன் என்றார். நீ போகிற நாளைப் பார்க்க என்னால் முடியாது, அதற்காகத்தான் செய்தேன், உன்னைப் படியில் ஏற்றிக் கொன்றது நான்தான் என்று சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று.

"நீதான் அணைச்சுட்டேன்னு தெரியும்" என்றார் குழியார். "போன்ல அந்தப் பொம்பளை சொன்னாளே, அணைக்கப்பட்டிருக்குன்னு. செத்துப்போறவன் போனை அணைச்சுட்டா சாவான்?"

மாடியார் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"கயிற்றுக்காரன் போனதிலேருந்து உன் மூஞ்சியே சரியில்லை. போனை அணைச்சவன் அடுத்து என்ன பண்ணிக்குவானோன்னு இருந்துச்சு. வீட்டுக்கு எதிர்லயே அஞ்சு மாடிக் குழி. திறக்கற வித்தையும் உனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது. "அதான் முதல்ல மெயினை இறக்கினேன், நீ உள்ள இருந்தா லிஃப்ட் நகரக் கூடாதுன்னு."

அப்படி ஒரு எண்ணம் தனக்கு வரவில்லை என்று மாடியார் சத்தியம் செய்ய வாயெடுத்தார். சொல்லவில்லை. இந்த நாலு மாதத்தில் ஓரிரு காலைகளில் அந்தக் கூண்டுக்கு முன்னால் காரணமே இல்லாமல் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

குழியார் ஊசி குத்தாத கையை நகர்த்தினார். கட்டிலின் பக்கவாட்டில் இரும்புச் சட்டம் ஓடியது. அதில் விரல் நகத்தால் மூன்று தட்டுத் தட்டினார்.

"நான் வெளிய வந்துட்டேன். நீ சுவிட்சைப் போடு."

மாடியார் தலையை ஆட்டினார், முடியாது என்று. குழியார் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை அந்தச் சட்டத்தின்மேல் விரித்து வைத்துக் காத்திருந்தார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார் என்று இவருக்குத் தெரியும், முப்பத்தாறு வருடப் பழக்கம். நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள். மாடியார் சாவிக்கொத்தை எடுத்து இரும்பில் மூன்று தட்டினார். குழியாரின் விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. கையை மெல்ல எடுத்துவிட்டார்.

மதியம் கட்டடத்தில் செயலாளரும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மாடியார் கம்பியைப் பிரித்து அட்டையைக் கழற்றினார். சட்டையிலேயே துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மெயினை ஏற்றினார். உச்சியில் மோட்டார் முனகியது. நாலாவது மாடிப் பெண் மாலையிலேயே அதில் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மறுநாள் ஐந்தரைக்கு மாடியார் விழித்தார். கைபேசியைத் துடைத்து எதிரே மேசைமேல் நிறுத்திவைத்தார். பயம் ஒரு இழைகூடக் குறையவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குச் சரியாக அடித்தது, குழியாரின் எண்ணிலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கட்டும், நிற்கட்டும் என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

நிற்கவில்லை. நான்காவது மணி அடித்தது. அது பாதி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்.

"சித்தப்பா..." என்றாள் மகள். பிறகு அழுகை.

"வந்துட்டேன்மா. இதோ பக்கத்துலதான் இருக்கேன், வந்துட்டேன்."

சட்டையை மாட்டினார். அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். மூன்று நாளாகக் கதவுக்கு அருகில் வைத்திருந்த குழியாரின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, பழக்கத்தில் படியை நோக்கித் திரும்பியவர் நின்றார். கூண்டின் வலைக்கதவை இழுத்து, உள்ளே போய், கீழே போகிற பொத்தானை அழுத்தினார்.